ஐஸ்காரம்மாவும் ஆக்டின் குழாய்களும்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ஐஸ்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் ஐஸ் வாளி இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. தசையிலிருந்து ஆக்டின் என்ற புரதத்தைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. தசைச் செல்லுக்குள் இழை இழையாக ஓடி தசையைச் சுருங்க வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. வெளியே எடுத்துவிட்டாலோ பச்சைப்பிள்ளைதான். சூடு ஆகாது, நுரைக்கக் கூடாது, உருகி உருகி உறைந்தால் அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அந்த வருடத்தை நினைத்தால் அவளுக்கு இன்றும் முகம் மலர்ந்துவிடும். அப்போது தற்காலிக வேலை. "இந்தத் தடவை சரக்கு நல்லா வந்தா உன்னை நிரந்தரமாக்கச் சொல்றேம்மா" என்றிருந்தார் ஆய்வுக்கூடத்தை நடத்திய டாக்டர். நன்றாகத்தான் வந்தது. சின்னக் குழாய்களில் அடைத்து ஃபிரீசரில் வைத்தாள்.

ஃபிரீசரிலோ பனி மண்டி, கதவே மூடவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். வாய் ஓயாத நெட்டை மனிதர். சில நாள் கழித்து அவர் மறுபடி எட்டிப் பார்த்தபோது, உள்ளே பொட்டுப் பனி இல்லை.

"எப்படி இருக்கு? டைமர் போட்டிருக்கேன். தினமும் அதுவே லேசா சூடாகி பனியை உருக்கிடும். நீங்க சுரண்டவே வேணாம்."

அவள் குழாய்களை அவசரமாக வெளியே இழுத்தாள். "தினமுமா? அட பாவி மனுஷா!"

"பனி போகணும்னுதானேங்க கூப்பிட்டீங்க?"

உப்பு சேர்த்தால் நல்ல ஆக்டின் இழையாகக் கோத்துக்கொண்டு கெட்டிப்படும். ஒவ்வொரு குழாயாகச் சேர்த்துப் பார்த்தாள். எல்லாம் வெறும் தண்ணீர்.

"மாசக் கடைசிக்குள்ள மறுபடி எடுத்துடு. இல்லேன்னா உனக்காகப் பேச எனக்கு வாயில்லை" என்றார் டாக்டர்.

காயவைத்த தசைத்தூள் கொஞ்சம் மிச்சமிருந்தது. குளிர் அறையில் முதலிலிருந்து தொடங்கினாள். டைமரைப் பிடுங்கிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மெக்கானிக்கும் வந்து நின்றார்.

"வாளியாவது தூக்கறேங்க."

"தூக்குங்க, குலுக்காதீங்க. அந்த வாயையும் கொஞ்சம் உறைய வைங்க."

"உறைஞ்சா அப்புறம் உருக்கக் கூடாதுன்னு சொல்வீங்களே!"

கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள்.

கடைசி நாள் உப்பைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தார்கள். பிறகு குழாயைச் சாய்த்தாள். உள்ளே சிக்கிய குமிழி மேலே ஏறாமல் நடுவிலேயே நின்றது.

"ஐயோ, அசையலையே! இதுவும் போச்சா?"

"போகல. கெட்டிப்பட்டிருக்கு, அதான் குமிழி அசையல. நல்லா இருக்கு" என்றாள்.

"அப்போ வேலை?"

"கிடைச்ச மாதிரிதான்."

டாக்டரிடம் ஓட வேண்டியவள், குழாயைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அன்று குளிரில் அந்த மெக்கானிக்கின் மூக்கு எப்படிச் சிவந்து கிடந்தது என்று, இத்தனை வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் அவரிடமே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.