மெக்கானிக்கின் காது

ஓடும் மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். சுற்றி நிற்பவர்கள் வாய் திறப்பதில்லை. "பேரிங் அழுவுது. நிறுத்து" என்கிறார். கழற்றிப் பார்த்தால் பேரிங்தான்.

வயல்களுக்கு நடுவே தகரக் கொட்டகை போட்டு பம்புசெட் பழுது பார்க்கும் இந்த மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். முன்பெல்லாம் சாப்பாட்டை ருசி பார்க்கும் முன்பே உப்பைத் தூவிவிடுவார். கை கழுவியதும் கன்னத்தில் புகையிலை. "வேர்த்துக் கொட்டுற உடம்புக்கு உப்பு வேணாமா? புகையிலை இல்லேன்னா கை ஓடாதுங்க" என்று இரண்டுக்கும் நியாயம் வைத்திருந்தார்.

மாதாமாதம் ஊருக்கு வரும் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கக் கூப்பிட்டால், மனைவியை முன்னால் தள்ளிவிட்டுக் கொட்டகைக்குள் மறைந்துவிடுவார். "எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். வலிச்சா நானே வரமாட்டேனா?" அவருடைய அப்பாவும் இதையே சொல்லிக்கொண்டிருந்து, ஒருநாள் வரப்பில் சுருண்டு விழுந்தவராம். மனைவி என்னிடம் சொன்னார்.

போன வருஷம் ஒரு காலையில் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. எடுத்தார், மறுபடி நழுவியது. "யாருடி இதுல எண்ணெய் தடவினது?" என்று மனைவியை அதட்டினார். வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததைப் பார்த்த மனைவி, ரோட்டில் போன சரக்கு வண்டியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். ஏறிய ரத்த அழுத்தத்தால் வந்த பக்கவாதம் என்றார்கள். உயிர் தங்கியது. பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் பாதிதான் வந்தது.

அப்போது எது அவரை அதிகம் உலுக்கியது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல். கேட்டேன்.

"கெட்டுப்போற மோட்டாரு முன்னாடியே சத்தம் குடுக்கும்ங்க. சூடேறும், நாறும். இந்தப் பிரஷர் ஒண்ணுமே காட்டலை. கமுக்கமா உள்ள உக்காந்து வேலை பாத்திருக்கு. என்ன காதோ என் காது!"

புகையிலையை விட்டாயிற்று. மனைவி உப்பு டப்பாவை எங்கே ஒளித்திருக்கிறார் என்று தேடுவதைத்தான் இன்னும் விடவில்லை.

நான் போயிருந்த அன்று நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கக் கொட்டகைக்கே வந்திருந்தார். பழுதுக்குக் கொடுத்த மோட்டாரை எடுக்க வந்த மெக்கானிக்கின் மைத்துனர், தொப்பையும் மூச்சிரைப்புமாக, நைசாக நழுவப் பார்த்தார்.

"அறுவடை முடியட்டும் மாமா, பாத்துக்கலாம். எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே."

மெக்கானிக் மைத்துனரின் பைக்கிலிருந்து சாவியை உருவி, வலது கையால் தன் சட்டைப்பையில் போடப் போனார். விரல்கள் பையின் விளிம்பில் மோதி வழுக்கின. மறுபடி முயன்றார். பை அகப்படவில்லை.

மைத்துனர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கினார்.