மூன்று கிழமைப் பயணமும் எங்கள் கோழிகளும்

பள்ளி விடுமுறைக்கு மலாயாவின் குவாலா சிலாங்கூரிலிருந்து மோட்டார் காரிலேயே குடும்பத்தோடு மூன்று வாரம் சயாம் போய்வரத் திட்டம். இன்று காலை வராந்தாவில் படுக்கைகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தோம்.

ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து பால் கொண்டுவரும் அஞ்சலை, அதையும் முற்றத்தில் மேயும் எங்கள் கோழிகளையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“கோழிங்கள எனக்குக் குடுத்துட்டுப் போறீங்களாம்மா?”

என் மனைவி சிரித்தாள். “ஏன் குடுக்கோணும்? மூண்டு கிழமைதானே, திரும்பி வந்திடுவம்.”

அஞ்சலை சிரிக்கவில்லை.

“எங்காத்தாகிட்ட நானும் அப்படித்தாம்மா சொல்லிட்டுக் கப்பல் ஏறுனேன்.”

பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

மனைவியும் யாழ்ப்பாணத்தில் தன் அம்மாவிடம் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். அதன்பின் அவள் ஒரு முடிச்சுக்கூடப் போடவில்லை.

நாளைக் காலை புறப்பட வேண்டும். “போயிட்டு வாறம்” என்பதற்கு வேறு வார்த்தை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.