நாலு பத்துக்கு எழுந்துகொள்ளும் பெட்டி

முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர், ஒரு தடவைகூடச் சும்மா லிஃப்டில் ஏறியதில்லை. பத்தாவது மாடியில் வேலை என்றாலும் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க நடந்துதான் போவார். கம்பெனியில் அவருக்குப் பெயரே 'படிக்கட்டு'.

"நீங்க சரி பண்ணின லிஃப்டை நீங்களே நம்பலேன்னா நாங்க எப்படிய்யா நம்புறது?" என்று யாராவது கேட்டால், "நீங்க நம்பலாம். அதைச் சரி பண்ணினவன் எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியாதே" என்பார்.

தொழிலில் அவருக்கு இரண்டு சட்டங்கள். புதுச் சாமான் என்பது கெட்டுப்போக இன்னும் வாய்ப்புக் கிடைக்காத சாமான். பல வருஷம் ஓடியதற்குத்தான் குணம் தெரியும். இது ஒன்று. முன்னால் வேலை பார்த்தவன் வைத்துவிட்டுப் போன அளவில், காரணம் தெரியாமல் கை வைக்கக் கூடாது. இது இரண்டாவது. ஓய்வு பெற்றபோது நாற்காலி, மேஜை எல்லாம் கம்பெனியிலேயே தங்கிவிட்டன. இந்தச் சட்டங்கள் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தன.

ஒரே மகள் நர்ஸ். தூர தேசத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். அவள் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்றால் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் கோத்து வைத்ததை வாங்க அவர் சம்மதிக்கவில்லை. "யாரோ முடுக்கின திருகு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

மகள் பட்டியல் எழுதினாள். இவர் கடையில் சாமான் தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்க்க வேலையாட்கள் கூடிவிட்டார்கள். பவர் சப்ளையை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, "கனமே இல்லையே, உள்ள காத்து அடைச்சிருக்கா?" என்று திருப்பிக் கொடுத்தார். மின்விசிறியைக் காதருகே வைத்துச் சுண்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் தடவி மூன்றைக் கழித்தார். நாலாவது தேறியது.

எல்லாம் புதுசு. மதர்போர்டு மட்டும் கடையின் பின்தட்டிலிருந்து வந்தது.

"பழசுதான். ஆனா ஒரே வீட்ல எட்டு வருஷம், ஒரு நாள் விடாம ஓடினது" என்றார் கடைக்காரர்.

"அப்பா, இருக்கிறதிலேயே முக்கியமானது அதுதான்" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதனாலதாம்மா பழசு."

சாப்பாட்டு மேஜையில் வைத்து இருவரும் கோத்தார்கள். லிஃப்ட் மோட்டாருக்குச் செய்வதுபோல மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் திருகு முடுக்கினார். சுவிட்சைப் போட்டதும் பெட்டி முதல் தடவையிலேயே உயிர் பெற்றது. அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் மாலை, கூடத்தில் யாரும் இல்லாத நேரத்தில், மின்விசிறி சுழல ஆரம்பித்தது. திரை வெளுத்தது. மணி நாலு பத்து.

அதற்கு அடுத்த நாளும் நாலு பத்து.

மகள் நோண்டிக் கண்டுபிடித்துவிட்டாள். தினமும் நாலு பத்துக்குத் தானாக எழும்படி, மதர்போர்டிலேயே அதன் பழைய சொந்தக்காரர் நேரம் வைத்திருக்கிறார். "எடுத்துடட்டுமாப்பா?"

"வேணாம். யாரோ ஒரு காரணத்தோட வச்சிருப்பாங்க."

"சரி, எழுப்புற வேலை மிச்சம்" என்று சிரித்தாள். தினமும் ஆறு மணிக்குக் கூப்பிடுவதாக ஏற்பாடு. "நீங்க எதையும் அமுக்க வேணாம். நான் கூப்பிட்டா அதுவே எடுத்துக்கும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள்.

வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி அன்று நாலு மணிக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அப்படியே நின்றாள். நாலு பத்துக்குப் பெட்டி எழுந்தது. திரை வெளிச்சம் எதிரே இருந்த ஸ்டூல்மேல் விழுந்தது.

"ஏங்க, அது யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கு" என்றாள். "நம்மள இல்ல."

காரணம் தெரியாமல் கை வைக்க மாட்டார் அல்லவா? கடைக்காரரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை காரணத்தைத் தேடிப் போனார். நாலு தெரு தள்ளி, பூட்டிய வீடு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெற்று அறை, ஒரு மேஜை, அதன்மேல் பெட்டி இருந்த இடத்தில் தூசு படியாத ஒரு சதுரம். எதிரே மரக் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று மேஜையைப் பார்த்தபடி.

பக்கத்து வீட்டு அம்மா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னார்: "இங்க இருந்த பெரியவரோட பையன் வெளிநாட்டுல. தினம் நாலு பத்துக்குக் கூப்பிடுவான். ஒரு நாள் கூப்பிடல. அப்புறம் கூப்பிடவே இல்ல. அவரு அஞ்சு வருஷம் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில வந்து உட்கார்ந்தாரு. போன மாசம் போயிட்டாரு. அப்பவும் நாற்காலியிலதான்."

கேட்டதும் மனைவி ஒரே பிடியாகப் பிடித்தாள். "பொண்ணு போன வீட்ல இது வேணாங்க. இப்பவே எடுங்க."

காரணம் தெரிந்துவிட்டது; இனிக் கை வைக்கலாம். மதர்போர்டிலிருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றி, பழைய அளவு எல்லாம் அழிந்தபின் திரும்பப் போட்டார். ஆறு மணிக்குப் பெட்டியைப் போட்டு, எட்டுக்கு அணைத்து, ஒயரையும் பிடுங்கி வைப்பது மனைவியின் பொறுப்பு.

அடுத்த மூன்று நாளும் நாலு பத்துக்குப் பெட்டி அசையவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று நாளும் ஆறு மணிக்கு மகளும் வரவில்லை. 'வந்து சேர்ந்தேன். இது இரவல் போன். கம்ப்யூட்டரில் பேசுகிறேன்' என்று வந்த ஒற்றைச் செய்தியை மனைவி போனில் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

நாலாம் நாள் அவளே சொன்னாள். "அந்த நேரத்தைத் திருப்பி வச்சிடுங்க."

வைத்தார். நாலு பத்துக்குப் பெட்டி எழுந்தது. ஒரு நிமிஷத்துக்குள் மகளின் முகம்.

"அப்பா! ஏம்பா மூணு நாளா பேசவே இல்ல?"

"நீ எங்கம்மா கூப்பிட்ட? ஆறு மணிக்குத் தவம் கிடந்தோம்."

"ஆறு மணிக்கு எனக்கு டியூட்டி போட்டுட்டாங்க. அது நாலு பத்துக்குத் தானா எழுந்துக்குமே, அதான் அப்ப கூப்பிட்டேன். மூணு நாளும் எடுத்துது. ஆனா யாரும் வரல. நாற்காலி மட்டும் தெரிஞ்சுது."

படிக்கட்டு, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் குனிந்து பார்த்தார்.

"புதுசா வாங்கினீங்களா? மரத்துல கைப்பிடி வச்சு, நல்லா இருந்துதே."

மனைவியின் விரல்கள் அவர் தோளில் பதிந்தன. முப்பத்தொரு வருஷ சர்வீஸில் அவர் ஒரு பொய் அறிக்கைகூடக் கொடுத்ததில்லை.

"ஆமாம்மா" என்றார்.

"அதுலயே உட்காருங்கப்பா. ஸ்டூல் முதுகுக்கு ஆகாது."

அவர் ஸ்டூலை மாற்றவில்லை. ஆனால் வீட்டில் மூன்றாவதாக ஒரு சட்டம் வந்துவிட்டது. பேருந்து தாமதமானாலும், அடை மழை பெய்தாலும், மகளுக்கு அன்று விடுமுறையே ஆனாலும், நாலு அடித்து ஐந்து நிமிஷத்துக்குள் இருவரில் ஒருவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாக வேண்டும். அது காலியாக இருக்கும்போது பெட்டி எழுந்துகொள்ளக் கூடாது.