பத்திரமாக இருந்த ஹீட்டர்

எங்கள் வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணுக்குப் போன வாரம் குளியலறையைக் காட்டினேன். ஷவரில் தண்ணீர் விழ ஆரம்பித்த பிறகுதான் ஹீட்டர் சுவிட்சைப் போட வேண்டும், குளித்து முடித்ததும் முதலில் சுவிட்சைத்தான் அணைக்க வேண்டும், நம் ஊர் போர்த் தண்ணீர் உப்பு, அதனால் ஷவரின் வாயை மாதம் ஒருமுறை கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக "பத்திரம்" என்ற சொல் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "தினமும் சுடுதண்ணியில குளிங்க" என்று சொல்லி இறங்கினேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. திண்டுக்கல்லில் நாங்கள் முன்பு இருந்த வீட்டில், பஸ் கண்டக்டரான அப்பா ஒருநாள் நத்தம் டிரிப் முடித்து வந்த அலுப்பில், கால் கழுவுவதற்காக வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துவிட்டார். அது இரண்டாகப் பிளந்தது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அம்மாவுக்கு வாடகை வீட்டுச் சுவரைத் தொடவே பயம். அடுத்துக் குடிபோன மாடி வீட்டில் ஆணி அடிக்கக்கூடாதென்று காலண்டரை நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள்.

புது வீட்டுக்காரம்மா கீழ்வீட்டில் தனியாக இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். வீடு காட்ட வந்த அன்று படுக்கையறை உத்தரத்தில் ஒரு புதுத் தொட்டில் கொக்கியைக் காட்டினார். பிறகு குளியலறையில், ஷவரோடு சேர்ந்த ஹீட்டர். நாங்கள் யாரும் அதற்கு முன் ஹீட்டரைப் பார்த்ததில்லை.

"மக தலைப்பிரசவத்துக்கு வருவான்னு இம்புட்டும் போட்டு வச்சேன்" என்றார்.

அப்போது என் தம்பி அம்மா வயிற்றில் இருந்தான். வீட்டுக்காரம்மா அந்த வயிற்றைப் பார்த்தார். அப்புறம் ஹீட்டரைக் கைகாட்டி, "பத்திரம் தாயி" என்றார்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அம்மா ஹீட்டருக்கு ஜவுளிக்கடைப் பையை மாட்டி, ஷவரையும் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டிவிட்டாள். சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். எல்லாவற்றுக்கும் மேலே காவலுக்கு ஓர் அந்தோணியார் படம். "நம்ம வீட்டுல சொகுசா இருக்கது இவரு ஒருத்தருதான்" என்று அப்பா ஹீட்டரைக் கும்பிட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றைச் சுமந்துகொண்டு அடுப்பில் வெந்நீர் போட்டு, குண்டானைத் துணியால் பிடித்துக் குளியலறைவரை நடப்பாள். பக்கத்தில் இருக்கும் ஹீட்டரின் மேல் ஒரு சொட்டுப் படாமல் குளிப்பாள்.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மகள் வருவாள் என்று அவர் சொன்னாரே? வந்தால் நாங்கள் எங்கே போவது? மறுபடியும் சாமான் கட்ட வேண்டும், பள்ளிக்கூடம் மாற வேண்டும். அதனால் தினமும் செபமாலை முடிந்ததும் அந்தோணியாரிடம் இரண்டு விண்ணப்பம் வைப்பேன். ஹீட்டர் கெடக்கூடாது. வீட்டுக்காரம்மாவின் மகள் வரக்கூடாது. முதலாவதைச் சத்தமாகவும் இரண்டாவதை மனசுக்குள்ளும் சொல்வேன்.

படியில் பார்க்கும்போதெல்லாம் வீட்டுக்காரம்மா கேட்பார்: "ஹீட்டரு எப்படிம்மா இருக்கு?"

"பத்திரமா இருக்குக்கா" என்பாள் அம்மா. அவர் திருப்தியாகத் தலையாட்டுவார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் தம்பி பிறந்தான். அம்மாவைப் பெற்றவள் உயிரோடு இல்லாததால், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மாடி வீட்டுக்குத்தான் வந்தாள். சிறுமலைப் பக்கமிருந்து பனி இறங்கும் மாதம். ஒருநாள் காலையில் அப்பா வேலைக்குப் போன பிறகு சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அம்மாவுக்கு நடுக்கம். நான் தூக்குவாளியோடு கீழே ஓடினேன்.

"பெரியம்மா, அம்மா குளிக்கச் சுடுதண்ணி வேணும்."

"ஏத்தா, மேல ஹீட்டருக்கு என்ன வந்துச்சு?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "ஒண்ணும் வரல. நாங்க அதைத் தொடவே இல்ல."

அவர் என்னைத் தாண்டிப் படியேறினார். குளியலறைக் கதவைத் திறந்து அந்தப் பையையும் கயிற்றையும் அந்தோணியாரையும் பார்த்தபடி நின்றார். காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கூறுகெட்டவளே" என்றார் அம்மாவிடம். "வழுக்குமேன்னு நான் பத்திரம்னு சொன்னது உன்னையத்தான். இந்த டப்பாவையா சொன்னேன்?"

அம்மா குழந்தையை அணைத்தபடி, "தெரியலக்கா" என்றாள்.

அவர் அந்தோணியாரை மெதுவாக உரித்து, நனையாத இடமாகப் பார்த்து ஜன்னலில் வைத்தார். பையைப் பிய்த்தார். உள்ளே சொட்டிச் சொட்டிக் காய்ந்த உப்பு ஷவரின் கண்களையெல்லாம் வெள்ளையாக அடைத்திருந்தது. "பூட்டி வச்சா எதுதான் நல்லாருக்கும்" என்று முனகிக்கொண்டே அதைக் கழற்றி, "செத்த நேரம் ஊறட்டும்" என்று புளித்தண்ணீரில் போட்டார். அப்புறம் சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து ஒவ்வொரு கண்ணாகக் குத்திவிட்டார். திரும்ப மாட்டித் தண்ணீரை ஓடவிட்டு, அதன் பிறகு சுவிட்சைப் போட்டார். ஆவி கிளம்பியது.

"வா தாயி. பச்ச உடம்புக்காரி பச்சத்தண்ணி தொடக்கூடாது" என்று அம்மாவை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

நான் தம்பிக்குக் காவல் இருந்தேன். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்தபோது சேலையெல்லாம் ஈரம். கண்ணும் சிவந்திருந்தது.

"ஹீட்டரு கெட்டுப்போச்சா பெரியம்மா?"

"இல்ல கண்ணு. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் அழுறீங்க? உங்க மக வர்றாங்களா?"

அவர் என் தலையில் ஈரக்கையை வைத்தார். "அவ வரமாட்டா. நீங்க இருங்க."

அந்த மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள் என்பதும், பிள்ளை உண்டான செய்தி கேட்டு மனம் இளகி இவர் தொட்டில் கொக்கியும் ஹீட்டரும் போட்டு வரச்சொல்லி ஆள் அனுப்பினார் என்பதும், அவள் கடைசிவரை வரவேயில்லை என்பதும் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: என் இரண்டு விண்ணப்பமும் பலித்துவிட்டன. சாயங்காலம் செபமாலை முடிந்ததும் முழங்காலில் நின்று, கீழ்வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "அந்தோணியாரே, பெரியம்மா மகளை வரவிடாமல் காத்ததற்காக உமக்கு நன்றி."

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். செபம் சொல்கிற வாயைப் போய்ப் பொத்துகிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.