குதிரை லாயத்துக் கருத்துக் கேட்பு

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்குத் திடீரென்று ஜனநாயக ஆசை வந்தது. திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் பழைய குதிரை லாயத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்பார்களாம். வரைபடம் தயார், கான்ட்ராக்டர் தயார், திறப்பு விழாக் கல்லில் மந்திரி பெயர்கூடச் செதுக்கியாகிவிட்டது. கருத்து ஒன்றுதான் பாக்கி.

நான் அங்கே குமாஸ்தா. வீடு கோட்டைக்குள்ளேயே, அக்ரஹாரத் தெருவில்; அங்கே எல்லாருக்கும் நான் மாமி. லாயத்துப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் ஏதாவது சொன்னால் மலையாளத்தில் எழுத ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள்.

தமிழ் பேசுகிறவர்கள் என்றால் ஒரே ஒருத்திதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. லாயத்தின் கடைசி வளைவுக்குக் கீழே இஸ்திரி போடுகிறவள். கட்டட வேலையில் விழுந்து புருஷனுக்கு இடுப்பு போய்விட்டது. அந்த வளைவு போனால் அடுப்பு எரியாது. அவளுக்குத் தெரிந்த மலையாளம் சட்டை, புடவை, நாளைக்கு, அவ்வளவுதான்.

கூட்டமா அது? கூத்து. குடியிருப்போர் சங்கத் தலைவர் பாரம்பரியம் பாரம்பரியம் என்று வாய் கிழியப் பேசினார். குதிரைகளின் குளம்புச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறதாம். அந்த மனுஷர் பிறப்பதற்கு முன்பே அங்கே குதிரை கிடையாது. ஒருவர் காரை எங்கே நிறுத்துவது என்று கேட்டார். இன்னொருவர் இரண்டாவது வடைக்காகத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்க்கிடெக்ட் தெர்மாக்கோலில் லாயம் செய்து கொண்டுவந்திருந்தார். கடைசி வளைவில் குடை விரித்த காபிக் கடை. கரிப்புகை நகரத்தின் முகத்துக்கே அழுக்கு என்று தலைவர் முடித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிய அத்தனை பேர் சட்டையிலும் மடிப்பு கலையவில்லை. எல்லாம் அவள் போட்ட இஸ்திரி. வெட்கம் கெட்ட கூட்டம்.

கடைசியில், போனால் போகிறது என்று, அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"நிங்ஙள்க்கு விரோதமுண்டோ?"

மலையாளத்தில் அதற்கு ஆட்சேபம் உண்டா என்று அர்த்தம். அவளுக்கு அது தமிழாகத்தான் காதில் விழுந்தது. முந்தின வாரம்தான் புகைக்காகத் தலைவரோடு வாய்ச்சண்டை. அந்தப் பகையைத் தீர்த்துவைக்கத்தான் இத்தனை பெரிய மனுஷர்கள் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம். எழுந்து கையைக் கூப்பினாள்.

"எனக்கு யாரு மேலயும் விரோதம் கெடையாது சார். எல்லாரும் நல்லா இருக்கட்டும்."

"அது மதி. எழுதிக்கோ, விரோதமில்ல" என்றார் அதிகாரி என்னிடம். மதி என்றால் போதும்.

எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேர் முன்னால் அதிகாரியைத் திருத்துவதா என்று ஒரு பயம். மணி ஐந்தரை ஆகிவிட்டதே, வீட்டுக்குப் போக வேண்டாமா என்று ஒரு அலுப்பு. மேடையில் இருந்தவர்களை இவ்வளவு நேரம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த நான், குனிந்து எழுதினேன். அவள் அதற்குக் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

"சண்டை தீந்துச்சு மாமி. இப்பதான் நிம்மதியா இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் லாயத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். மறுநாள், காலி செய்யச் சொன்ன நோட்டீஸோடு அவள் அலுவலகத்துக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றாள்.

"நானே ஒத்துக்கிட்டேன்னு சொல்லுதாவ மாமி. நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

ஃபைலை எடுத்துக் காட்டினேன். வாசிக்கச் சொன்னாள். மலையாளத்தில் வாசித்து, அர்த்தத்தையும் சொன்னேன். தன் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியை விரலால் தொட்டாள்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்த சார் மலையாளத்துக்காரரு. நான் சொன்னது அவருக்குப் புரியல, சரி. ஒங்களுக்குமா மாமி புரியல?"

"புரிஞ்சுது" என்றேன்.