கறை எடுக்கும் முத்துப்பேச்சி

முத்துப்பேச்சி கை பட்டால் கறை நிற்காது என்பது மண்ணரையில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனி முழுக்கத் தெரிந்த சங்கதி. தைத்து முடித்த பீஸில் மெஷின் எண்ணெய் சொட்டியிருந்தால் அது அவள் மேசைக்குத்தான் வரும். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கன். அதற்குள் மூக்கைத் துளைக்கிற மருந்து. கறைமேல் பீய்ச்சினால் சுற்றிலும் வெள்ளையாக ஒரு வட்டம் விழும். புதிதாக வந்த பெண்கள் வட்டத்தைப் பார்த்துப் பதறுவார்கள். "காயட்டும், போயிரும்" என்பாள். காய்ந்ததும் வட்டமும் இருக்காது, கறையும் இருக்காது. பதினொரு வருஷமாக இதே வேலை. தலைவலியும் கண் எரிச்சலும் சம்பளத்தோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தன.

புருஷன் மொக்கைச்சாமி. இருவரும் அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். கட்டிங் மாஸ்டராக நிமிர்ந்து நடந்த மனுஷன் அவன். 2006இல் துணி வெட்டும் கத்தி, துணியோடு சேர்த்து அவன் வலது கையில் இரண்டு விரல்களையும் வெட்டிவிட்டது. கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தது, அதோடு கை கழுவியது. அப்புறம் எந்த கேட்டில் போய் நின்றாலும் வாட்ச்மேன் முதலில் கையைத்தான் பார்ப்பான். காலையில் பெண்டாட்டியை வேலைக்கு வழியனுப்புவதே மூன்று வருஷமாக அவனுக்கு வேலை. அனுப்பும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டான், தரையைத்தான் பார்ப்பான். பட்டினிகூடக் கிடந்துவிடலாம், இது தாங்காது அவளுக்கு.

சின்ன வயதில் ஊரில் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாக இருந்தபோது மொக்கைச்சாமி கற்ற வேலை கொஞ்சம் மிச்சமிருந்தது. சும்மா உட்கார முடியாமல் ஒரே வரிசையில் கூடக் குடியிருந்த லைன் வீட்டுக்காரர்களின் டிவிகளைப் பிரிக்க ஆரம்பித்தான். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை மூன்று விரலில் பிடித்துப் பழகவே ஆறு மாசம் ஆனது. கூலி என்று யாரும் கொடுத்ததில்லை. சும்மா வந்த அரசாங்க டிவிக்கு யார் கூலி கொடுப்பார்கள்? காபித் தண்ணி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தான்.

2009 ஆடியில் லைன் வீட்டு உரிமையாளர் மயில்சாமியின் பிளாட் டிவி படுத்துவிட்டது. சுவரில் மாட்டுகிற பெரிய டிவி. படம் இல்லை, சின்ன விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று அடித்தது. பார்த்துவிட்டுப் போன சர்வீஸ்காரன் போனவன் போனவன்தான். மயில்சாமி டிவியைத் தூக்கிவந்து மொக்கைச்சாமியிடம் கொடுத்தார்.

"இத மட்டும் பாத்துக் குடுத்துருங்க. நம்ம ரோட்டோர ரூமு சும்மாத்தானுங்க கெடக்குது. நீங்களே கடை போட்டு உக்காந்துக்குங்க."

மறுநாள் காலையில் மொக்கைச்சாமி யாரும் சொல்லாமலே முகச்சவரம் செய்துகொண்டான். கடைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று முத்துப்பேச்சியிடம் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியன் வேஸ்ட் துணியைத் தரையில் மெத்தை மாதிரிப் பரப்பி, டிவியைக் குப்புறப் படுக்க வைத்தான். கழற்றிய ஸ்க்ரூக்களை அவள் டிபன் பாக்ஸ் மூடியில் வாங்கிக்கொண்டாள். பின்பக்கத்தைத் திறந்தால், இத்தனை பெரிய படத்துக்கு உள்ளே இத்தனூண்டுதான் சமாச்சாரம். கரண்ட் வருகிற போர்டில் குட்டிக் குட்டி டப்பாக்களாகக் கண்டென்சர்கள். அதில் இரண்டு மட்டும் தலை உப்பியிருந்தன. "பொரிச்ச அப்பளங்கணக்கா இருக்கு பாரு" என்று காட்டினான். இந்தக் கோளாறாகத்தான் இருக்கும் என்று முந்தின நாளே டவுனில் நாலைந்து அளவில் வாங்கி வைத்திருந்ததில் பொருந்துகிற இரண்டை, வேர்வை சொட்டச் சொட்டப் பற்றவைத்தான். நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, சுவிட்சைப் போட்டான்.

படம் வந்தது. யாரோ ஒரு பெண் குருமா செய்துகொண்டிருந்தாள். கொத்தமல்லியின் பச்சை அப்படிப் பளிச்சென்று இருந்தது. மொக்கைச்சாமி டிவியைப் பார்க்கவில்லை. திரும்பி, பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தினப்படி இரண்டு மணி நேரம் போகிறதுதான். வருவதற்குள் மயில்சாமியைக் கூட்டிவருகிறேன் என்று குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான்.

தனியாக நின்ற முத்துப்பேச்சியின் கண்ணில் அது பட்டது. திரையின் மூலையில் பழைய ஸ்டிக்கர் பசை, பக்கத்தில் புருஷனின் எண்ணெய்க் கட்டைவிரல் அச்சு. ஈரத்துணிக்கு இரண்டும் போகவில்லை. கடை வைக்கப்போகிறவன் கொடுக்கிற முதல் சரக்கு கறையோடா போகும்? வீட்டுத் துணிக்கென்று கம்பெனியிலிருந்து கொண்டுவந்த மருந்து ஒரு பாட்டிலில் இருந்தது. துணியில் நனைத்து ஒரே இழுப்பு. பசை போயே போய்விட்டது. வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது.

அவள் பதறவில்லை. காயட்டும், போயிரும். காலண்டர் அட்டையை எடுத்து விசிறினாள். காய்ந்தது, வட்டம் போகவில்லை. கம்பெனியில் வட்டம் அடம்பிடித்தால் அதைச் சுற்றி இன்னொரு முறை மருந்தடித்து இழுப்பார்கள். அப்படியே செய்தாள். உள்ளங்கையளவு இருந்தது முழங்கையளவானது. அழுத்தித் தேய்த்தாள். திரையின் மேல்பூச்சு, பாலாடை மாதிரி சுருண்டு துணியோடு வந்தது. அப்போதுதான் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, பாட்டிலைக் காலடியில் வைத்தாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். உடைத்தது யார் என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை.

மயில்சாமியும் மொக்கைச்சாமியும் உள்ளே வந்தபோது கரண்டும் வந்தது. படம் ஓடியது, சத்தமும் கேட்டது. ஆனால் பாதித் திரை சாம்பல் பூசினாற்போல் கிடந்தது. முத்துப்பேச்சி வாயைத் திறப்பதற்குள், மொக்கைச்சாமி அவள் காலடியில் இருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டான்.

"நாந்தாங்க தொடச்சேன். வெவரம் தெரியாமப் பண்ணிப்புட்டேன்" என்றான்.

மயில்சாமி திரையை விரலால் தடவிப் பார்த்தார். கோபித்து இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டுகிற ஆளில்லை.

"பரவால்லீங்க, பொருள்தானுங்களே. ரூமு விசயம் அப்புறமாப் பேசிக்கலாமுங்க."

அந்த ஊரில் பதினொரு வருஷம் இருந்தவர்களுக்கு அந்த 'அப்புறமா' எப்போது வரும் என்று தெரியும். அடுத்த மாசம் அந்த ரூமில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அவள் கேட்டாள். "வேலைய நீங்க சரியாத்தான பாத்தீக. நான் தொடச்சேன்னு சொல்லியிருந்தா கடையாச்சும் கெடச்சிருக்கும்ல?"

"ஒன்னயக் காட்டிக்குடுத்துட்டு நான் அந்தக் கடையில உக்காரணுமாக்கும்" என்றான். சால்டரிங் அயர்னைப் பனியன் வேஸ்ட்டில் சுற்றிப் பரணில் போட்டான். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவன் வாசலில் நின்று வழியனுப்பினான், தரையைப் பார்த்துக்கொண்டு.

கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி, அக்கா வட்டம் விழுந்துவிட்டது என்று பதறிக்கொண்டு ஒரு பீஸைத் தூக்கி வந்தாள். முத்துப்பேச்சிக்கு வழக்கமான வார்த்தை வாயில் வரவில்லை. பீஸைக் கையில் வாங்கிக்கொண்டு, அது காய்கிறவரை அதையே பார்த்தபடி நின்றாள்.