பஸ்ஸின் முதுகில் எழுதிய ஐம்பது

1. காலை முதல் ட்ரிப்

அம்மையார்குப்பத்தில் பஸ் பாவுக்குள் புகுந்துவிட்டது என்று ஷெட்டுக்குச் செய்தி வந்தபோது நான் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஓட்டியவர் கோவிந்தன், என் அக்காள் புருஷன். பாவா என்றுதான் கூப்பிடுவேன். எழுபதுகளில் நாங்கள் இருவரும் திருத்தணி - ஆர்.கே.பேட்டை ரூட்டில் ஒரே தனியார் கம்பெனியின் டிரைவர்கள்.

அந்த ஊரில் நெசவாளர்கள் காலையில் தறிக்கான நூலை ரோட்டோரமாக நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு நீவிவிடுவார்கள். அதுதான் பாவு. அந்த நேரத்தில் அங்கே எந்த டிரைவரும் செகண்ட் கியரைத் தாண்ட மாட்டான். யாரும் சொல்லிக்கொடுக்காத வழக்கம் அது.

அந்த மாசம் போட்டி பஸ் முந்துகிறது என்று எங்கள் முதலாளி ரன்னிங் டைமில் பத்து நிமிஷத்தை வெட்டினார். பர்மிட்டில் ஒரு டைம், அவர் வாயில் ஒரு டைம். பத்து நிமிஷத்தை எங்கே போய்ப் பிடிப்பது? ரோடு குறைந்துவிட்டதா, வளைவு நிமிர்ந்துவிட்டதா?

முப்பதில் போகிற வண்டி, மிதித்தால் நினைத்த இடத்தில் நிற்கும். ஐம்பதில், டாப்பில் துணி மூட்டை ஏறியிருந்தால், நின்றுவிட்டது என்று நினைத்த பிறகும் முன்னால் தள்ளும். அறுபதில் ஓங்கி மிதித்தால் பின்பக்கம் குறுக்கே வரும். அப்புறம் ஸ்டியரிங் சும்மா பிடித்துக்கொள்ளத்தான். பாவாவுக்கு நடந்தது அதுதான். பாவு நீவிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கால் முறிந்தது.

"ரோட்ல எவன் பாவு போடச் சொன்னான்?" என்றார் முதலாளி.

2. முன் சீட்டு

ரிப்பேர் முடிந்ததும் அதே வண்டியை, அதே டைமிங்கோடு என்னிடம் கொடுத்தார்.

"ஷெட்லேர்ந்து வண்டி காலியாத்தான் போவுது. நீங்க முன் சீட்ல உக்காருங்க, உங்க டைமிங்லயே ஓட்றேன்" என்றேன்.

"ஆங், எனக்கு இன்னா பயமா?" என்று ஏறிக்கொண்டார்.

அம்மையார்குப்பத்துக்கு வெகு முன்னால் ஒரு வளைவு. அங்கேயே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "யோவ், மெதுவா போய்யா. புள்ளகுட்டிக்காரன் நான்."

உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். "இதே ஸ்பீடுலதாங்க பாவா தெனம் ஓட்டிகினு இருந்தாரு. ஆர்.டி.ஓ. விசாரணைல இத ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லாட்டி அவரு லைசென்ஸே போயிடும்."

"சொல்றேன், சொல்றேன். நீ ரோட்டப் பாரு."

விசாரணையில் முதலாளிக்கு வேறு வாய் வந்தது. "நான் எப்பவும் மெதுவாத்தான் போகச் சொல்றதுங்க. வண்டிலயே எழுதி வச்சிருக்கேன்" என்றார். எழுதியிருந்தது நிஜம். 'வேகம் 50 கி.மீ.' என்று பஸ்ஸின் முதுகில், ஓட்டுகிறவன் கண்ணில் படவே படாத இடத்தில். அவன் கண்ணெதிரே இருந்த ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. கிலோமீட்டர் ஏறினால் விற்கும்போது விலை போகாது என்று கேபிளைக் கழற்ற வைத்தவரே இந்த மனிதர்தான். முள் ஏன் ஓடவில்லை என்று அதிகாரி கேட்டதும், "டிரைவருங்க கழட்டிட்டாங்க போல" என்றார், முகம் மாறாமல்.

நான் எழுந்து டைமிங்கைப் பற்றியும், அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னதைப் பற்றியும் சொன்னேன்.

"இவன் அவனுக்கு மச்சான் சார். இப்படித்தான் பேசுவான்" என்றார். அதோடு என் சாட்சி செல்லாமல் போயிற்று.

பாவாவின் லைசென்ஸ் ரத்தானது. அவர் பவர்லூம் கொட்டகையில் கூலி வேலைக்குப் போனார். முதலாளி வெட்டிய பத்து நிமிஷத்தைத் திருப்பித் தரவே இல்லை.

இப்போது ஓட்டுகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். டைமை வெட்டுகிறவரை ஒரு தடவையாவது முன் சீட்டில் உட்கார வையுங்கள். கூடவே, உங்களுக்கு உறவில்லாத ஒருவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். நான் காலி வண்டியில் போய்விட்டேன்.